குளிர்ல டிரெய்லர் கேம்பிங்: தண்ணிய சூடா காப்பாத்துறதா, வடிச்சுட்டே கிளம்புறதா?

குளிர்காலத்துல டிரெய்லர (கார் பின்னாடி இழுத்துட்டுப் போற, சிங்க், டாய்லெட் எல்லாம் உள்ள கேம்பிங் வண்டிய) எடுத்துட்டு கிளம்பணும்னா மொதல்ல முடிவு பண்ண வேண்டியது ஒண்ணுதான், பைப்புல தண்ணிய விட்டுட்டு உறையாம சூடு குடுத்துக் காப்பாத்துறதா, இல்ல மொத்தத்தையும் வடிச்சுட்டு கேன்ல தண்ணி கொண்டு போறதா. ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டேன். ராத்திரி மட்டும் ஜீரோ டிகிரி செல்சியஸுக்கு கீழ போயி பகல்ல நல்லா மேல ஏறிடும்னா சூடு வழி, பகல்லயும் ஜீரோவ தாண்டாதுன்னா கேன் வழி, இதுதான் என் கணக்கு.

சூடு வழில நெறைய பேரு ஒரே எடத்துல மாட்டுறாங்க. கேஸ மிச்சம் பண்ணலாம்னு கரண்ட் ஹீட்டர் ஒண்ண உள்ள வச்சுக்குவாங்க, ரூம் கதகதன்னு இருக்கும், அதனால தெர்மோஸ்டாட் ஃபர்னஸ (டிரெய்லரோட கேஸ் ஹீட்டர) ஆன் பண்ணவே பண்ணாது. ஆனா அடிவயிறு, அதாவது தரைக்கு கீழ இருக்குற பகுதி, மூடியிருக்குற நெறைய டிரெய்லர்ல, டேங்கும் பைப்பும் இருக்குற அந்த எடத்துக்கு சூடு போறதே ஃபர்னஸோட சூடான காத்து போற டக்ட்லேர்ந்து பிரியுற ஒரு கிளை வழியாத்தான். மேல நாம ஸ்வெட்டர் இல்லாம தூங்கிட்டு இருப்போம், கீழ ஐஸ் பிடிச்சுட்டு இருக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆச்சு. காலைல குழாயத் திறந்தா பம்ப் ஒரு தடவ உறுமிட்டு நின்னுடுச்சு, சொட்டு தண்ணி வரல. சரி, உருகினா வந்துடும்னு விட்டுட்டேன். மத்தியானம் வெயில் ஏறினப்புறம் சிங்குக்கு கீழ சர்ருன்னு ஒரு சத்தம், டார்ச் அடிச்சுப் பாத்தா பைப்ப வளைச்சு இணைக்குற பிளாஸ்டிக் எல்போவுல முடி மாதிரி ஒரு விரிசல், அதுலேர்ந்து நூலாட்டம் தண்ணி பீச்சுது. தண்ணி ஐஸ் ஆகுறப்போ சுமார் 9 சதவீதம் பெருசாகும், பெக்ஸ்ங்கிற வளையுற பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் நெளிஞ்சு குடுத்துடும், ஆனா எல்போ, பம்ப்போட தலை, ஃபில்டர் கப், டாய்லெட் வால்வு இதெல்லாம் நெளியாது, ஒடைஞ்சிடும். அதுவும் உருகுற வரைக்கும் ஒடைஞ்சதே தெரியாது.

அதனால சூடு வழின்னா ஃபர்னஸ் ஓடியே ஆகணும். அதுக்கு விலை கேஸ்தான். 20 பவுண்டு சிலிண்டர்ல ஏறக்குறைய 4,30,000 பிடியூ (வெப்பத்த அளக்குற அலகு) இருக்கும், மணிக்கு 30,000 பிடியூ எரிக்கிற ஃபர்னஸ் நிக்காம ஓடினா 14 மணி நேரத்துல காலி, பாதி நேரம்தான் ஓடுதுன்னா ஒரு நாளுக்கு கொஞ்சம் மேல வரும். ஃபேனுக்கு பேட்டரி வேற போகும். லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரின்னா ஜீரோவுக்கு கீழ சார்ஜ் ஏத்தக் கூடாது, அதையும் கதகதப்பான எடத்துல வைக்கணும்.

டேங்க் ஹீட்டர் பேட் நல்லதுதான், ஆனா அது டேங்க மட்டும்தான் பாத்துக்கும், டேங்க்லேர்ந்து பம்ப்புக்கு வர்ற பைப்பையும் வடிகால் வால்வையும் அது தொடாது. வெளிய இருந்து தண்ணி இழுக்குற ஹீட்டட் ஹோஸும் அதே கதை, தன்னை மட்டும் காப்பாத்திக்கும், ரெண்டு முனையிலயும் இருக்குற கனெக்ஷனும் கேம்ப் குழாயும் மொட்டையா நிக்கும். அதுக்குப் பதிலா நான் பண்றது, சாயங்காலமே உள்ள இருக்குற டேங்க நிரப்பிட்டு ஹோஸக் கழட்டி வடிச்சு உள்ள எடுத்து வச்சுடுவேன், ராத்திரி பம்ப்ல ஓட்டிக்கலாம். கழிவுத் தண்ணி வால்வையும் மூடியே வைங்க, டேங்க் நிரம்பினப்புறம் ஒரே தடவயா திறந்து விடுங்க. சொட்டு சொட்டா ஒழுக விட்டா குழாய்க்குள்ளயே ஐஸ் அடைச்சுக்கும். காத்து அடியில போகாம டிரெய்லரச் சுத்தி தடுப்பு கட்டுறதெல்லாம் ஒரே எடத்துல வாரக்கணக்கா இருக்கறவங்களுக்கு, ரெண்டு நாளுக்கு அந்த மெனக்கெடல் வேண்டாம்.

கேன் வழில வேலையெல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். வாட்டர் ஹீட்டர ஆஃப் பண்ணி ஆற விட்டு, பிரஷர விட்டுட்டு அப்புறம் ப்ளக்க கழட்டி வடிங்க, ஹீட்டருக்குள்ள தண்ணி போகாம தாண்டிப் போக வைக்குற பைபாஸ் வால்வ திருப்புங்க, தாழ்வான வடிகால் எல்லாத்தையும் திறந்து காலி பண்ணுங்க, அப்புறம் பிங்க் கலர் ஆன்டிஃப்ரீஸ (பைப் உறைஞ்சு வெடிக்காம இருக்க ஊத்துற திரவத்த) பம்ப் வழியா ஒவ்வொரு குழாயா பிங்க் வர்ற வரைக்கும் இழுத்து விடுங்க. சாதாரணமா 8லேர்ந்து 11 லிட்டர் பிடிக்கும். வெளிய இருக்குற ஷவர மறந்துடாதீங்க, நெறைய பேருக்கு வெடிக்கிறது அதுதான். காருக்கு ஊத்துற எத்திலீன் கிளைக்கால் விஷம், தண்ணி லைன் பக்கமே கொண்டு வராதீங்க, புரொப்பிலீன் கிளைக்கால்தான் வேணும். காத்து அடிச்சு மட்டும் வடிக்கிறவங்க காத்தழுத்தத்த 40 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க, அப்பவும் பம்ப்லயும் சிங்க் ட்ராப்லயும் (சிங்குக்கு கீழ வளைஞ்ச கழிவுக் குழாய்) தண்ணி நிக்கும், ட்ராப்ல ஒரு கப் பிங்க் ஊத்தணும். லேபிள்ல இருக்குற மைனஸ் 50 ஃபாரன்ஹீட் பைப் வெடிக்காம இருக்குறதுக்கான எண், அதுக்கு ரொம்ப முன்னாடியே அது கூழ் மாதிரி ஆகிடும், பயப்பட வேண்டாம். ஆனா பழைய தண்ணி மிச்சம் இருந்து கலந்துடுச்சுன்னா அந்த எண்ண நம்ப முடியாது.

இதுல இழப்பு என்னன்னா குளியல் இல்ல, பாத்திரம் கழுவறது பெரிய வேலை, டாய்லெட்டுக்கு கொஞ்சம் பிங்க் கலந்த தண்ணிய ஜக்ல ஊத்தணும். சின்னக் குழந்தைங்க கூட வந்தா இது நெஜமாவே கஷ்டம். ஆனா மைனஸ் 10ல காத்து ஊளையிடறப்போ அடிவயித்தப் பத்தி யோசிக்காம தூங்கலாம்.

சூடு வழில போறப்போ நான் ஒண்ணு விடாம செய்வேன், தனி சென்சார் உள்ள சின்ன தெர்மாமீட்டர் வாங்கி சென்சார அடிவயித்துல பம்ப் பக்கமா போட்டுட்டு டிஸ்ப்ளேய கட்டில்கிட்ட வச்சுக்குவேன். அது 3 டிகிரிக்கு இறங்கினா எழுந்து தெர்மோஸ்டாட்ட ஏத்துவேன், சிங்குக்கு கீழ இருக்குற கதவத் திறந்து வைப்பேன். ஏத்தியும் ஒரு மணி நேரத்துல 3ஐ விட்டு மேல வரலன்னா, அந்த ராத்திரியே வடிகாலத் திறந்து விட்டுடுவேன்.