பாசியைக் கொல்வதா, நஞ்சைப் போக்குவதா: நான்கு ஆக்சிஜனேற்றிகள்

2014 ஆகஸ்டு தொடக்கத்தில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவிக்கப்பட்டது. ஈரி ஏரியில் படர்ந்திருந்த மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப்பாசியின் நஞ்சான மைக்ரோசிஸ்டின், சுத்திகரித்த நீரிலும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. கொதிக்க வைத்தாலும் அது போகாது.

பாசி செழித்து வளரும்போது இந்த நஞ்சின் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். செல்லைக் கிழித்தால் அது நீரில் கலந்துவிடும். ஆகவே ஆக்சிஜனேற்றிகளில், அதாவது எலக்ட்ரான்களைப் பறித்துப் பிற பொருள்களைச் சிதைக்கும் மருந்துகளில், எது பாசியை விரைவில் கொல்கிறது என்று கேட்பது அரைக் கேள்விதான். வெளிவந்த நஞ்சையும் அதே மருந்து அழிக்கிறதா என்பதே மீதி.

குளோரின் மலிவானது, எல்லாச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் கைவசம் இருப்பது. ஆனால் அது மைக்ரோசிஸ்டினை நன்றாகச் சிதைப்பது, நீரின் அமில-கார அளவான பி.எச். 8-க்குக் கீழே இருந்தால்தான். பாசி மண்டிய ஏரியிலோ, பகல் முழுவதும் கரியமில வாயுவைப் பாசி உறிஞ்சுவதால் பி.எச். 9-ஐயும் தாண்டிவிடும், அந்நிலையில் குளோரின், வீரியம் குறைந்த ஹைப்போகுளோரைட்டாக மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, செல்களிலிருந்து கசிந்த கரிமப்பொருளுடன் சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்கள் என்னும் தீங்கான துணைப்பொருள்களையும் உண்டாக்குகிறது. எனவே வடிகட்டிப் பாசியை நீக்கிய பிறகே குளோரினைச் சேர்ப்பது நல்லது. பாசியோடு வரும் சுத்திகரிக்காத நீரில் முதலில் குளோரினைக் கொட்டுவது, என் கணிப்பில், இருப்பவற்றுள் மோசமான தேர்வு.

ஏரிநீரை உள்வாங்கும் இடத்திலேயே சேர்க்க ஏற்றது பொட்டாசியம் பெர்மாங்கனேட். பி.எச். மாற்றம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. குளோரினுக்கு மசியாத அனடாக்சின் என்னும் மற்றொரு பாசி நஞ்சையும் அது அழிக்கும்; எஞ்சும் மாங்கனீஸ் டைஆக்சைடு துகள்கள் பாசிச் செல்களில் ஒட்டி, அவை படிய உதவும். அளவைக் கண்ணாலேயே மதிப்பிடலாம்: இளஞ்சிவப்பாய்ப் புறப்பட்ட நீர், நிலையத்தை அடைவதற்குள் வெளிர்பழுப்பாகியிருக்க வேண்டும். சிவப்பு மாறாமல் வந்தால் மருந்து மிகுதி. அது வீட்டுக் குழாய்வரை போய்விடக்கூடும்.

ஓசோன் இவை அனைத்தினும் விரைவானது. மைக்ரோசிஸ்டின், அனடாக்சின் இரண்டையும் எளிதில் உடைக்கும். டொலிடோவும் பின்னர் ஓசோன் பிரிவைக் கட்டியது. ஆனால் அதை அங்கேயே மின்சாரத்தால் உற்பத்தி செய்ய வேண்டும்; நீரில் புரோமைடு உப்பு இருந்தால் புரோமேட் என்னும் தீங்கான பொருள் உருவாகும்.

ஏரியிலேயே சிகிச்சை செய்வதானால் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு ஈடில்லை. 2009-இல் நெதர்லாந்தின் கூட்ஸ்ஹாய்ஸ் ஏரி முழுவதிலும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அதைக் கலந்தபோது, பிளாங்க்டோத்ரிக்ஸ் என்னும் நீலப்பச்சைப்பாசி சில நாள்களில் 99 விழுக்காடு குறைந்தது; ஏறக்குறைய ஏழு வாரங்கள் தலைதூக்கவில்லை. பெராக்சைடைச் சிதைக்கும் நொதிகள் நீலப்பச்சைப்பாசிகளில் குறைவு என்பதால், பசும்பாசிகள் தப்ப இவை மட்டும் மடிகின்றன. மருந்தும் சில நாள்களில் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறது. அளவு கூடினால் நீர்த்தெள்ளுகள் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகளும் சாகும். தனியாக நின்று நஞ்சை அழிப்பதில் அது வலுவற்றது. அந்த வேலையைப் பெரிதும் ஏரியின் பாக்டீரியாக்களே செய்ய வேண்டும்.

சாக்சிடாக்சின் என்னும் வேறொரு நஞ்சைச் சுரக்கும் பாசி வந்துவிட்டால் இந்த வரிசையே தலைகீழாகிறது. பெர்மாங்கனேட்டும் ஓசோனும் அதனிடம் தோற்கின்றன, குளோரினோ பி.எச். உயர்ந்திருக்கும்போதே அதை நன்றாக அழிக்கிறது. மருந்துப் பீப்பாயைத் திறக்குமுன், ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் வைத்து எந்தப் பாசி என்று பார்த்தாக வேண்டும்.