கரடிப் படம் எடுக்க ஃபின்லாந்தா, ஸ்லோவேனியாவா?

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் புகைப்படக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, காசு ஒரு தடவைதான் சேரும். கரடி எடுக்க எங்க போறது?" ஃபின்லாந்து என்று உடனே சொல்லிவிட்டேன். காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு ரயில் வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

முதலில் நம்மூர்க் கதை. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் கோலா தாகானிலிருந்து 11 கிலோமீட்டர் நடந்தால் பும்புன் கும்பாங் வரும். விலங்குகள் உப்பு நக்க வரும் இடத்தைப் பார்த்தபடி கட்டிய மறைகுடில், உள்ளே பலகைக் கட்டில்கள். நான்கு இரவுகள் அங்கே படுத்திருக்கிறேன். தாபிர் ஒரு முறை வந்தது. எலி நான்கு முறையும் வந்தது. நம் காட்டுக் கரடியான சூரியக் கரடி மட்டும் வரவில்லை. சபாவில் சண்டாக்கான் பக்கத்தில் செப்பிலோக்கில் 2008இல் தொடங்கிய சூரியக் கரடிக் காப்பகம் இருக்கிறது; நடைமேடையில் நின்றபடி அருமையாக எடுக்கலாம். ஆனால் அவை மனிதர்களிடமிருந்து மீட்கப்பட்டு வளரும் கரடிகள். காட்டில் தன் போக்கில் திரியும் கரடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஐரோப்பாவின் பழுப்புக் கரடிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஸ்லோவேனியா, பேராக் மாநிலத்தைவிடக் கொஞ்சம் சின்ன நாடு. அதற்குள் ஆயிரத்தை ஒட்டிய கரடிகள் இருக்கின்றன. தலைநகர் லியூப்லியானாவிலிருந்து தெற்கே ஸ்னெஷ்னிக் மலைப் பக்கம் காரில் போனால் கரடிக் காடு வந்துவிடும். ஃபின்லாந்தில் அப்படி இல்லை. ஹெல்சிங்கியில் இறங்கி, காயானிக்கு ரயிலோ சின்ன விமானமோ பிடித்து, அங்கிருந்து கூஹ்மோ வழியாக ரஷ்ய எல்லை வரை கார் ஓட்ட வேண்டும். இரண்டு ஊருக்கும் நான் இஸ்தான்புல் வழியாகத்தான் போனேன். நம் மலேசியக் கடப்பிதழுக்கு இரண்டுக்குமே விசா தேவையில்லை. செலவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் பாதி வெள்ளியை விமானச் சீட்டு தின்றுவிடுகிறது. இரண்டு இடத்திலும் தீனி வைத்துத்தான் கரடியைக் கூப்பிடுகிறார்கள்: ஸ்லோவேனியாவில் மக்காச்சோளம், ஃபின்லாந்தில் மீனும் இறைச்சியும். அது உறுத்தினால் இரண்டையுமே விட்டுவிடலாம். எனக்கு உறுத்தியது, இருந்தும் போனேன்.

இனி வெளிச்சம். என் முடிவுக்குக் காரணம் அது ஒன்றுதான்.

கோலாலம்பூரில் மஃரிப் பாங்கு கேட்டு இருபது நிமிடத்தில் இருட்டிவிடும், ஆண்டு முழுக்க அதே கணக்குதான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் நேராகக் கீழே விழுகிறது. அந்தப் பழக்கத்தோடுதான் மே மாதம் ஸ்லோவேனியாவுக்குப் போனேன். ஐரோப்பாவில் எட்டரை மணி வரை வெயில் என்று படித்திருந்தேன், போதும் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு வனக் காவலர் ஒருவர் குடிலில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பீச் மரமும் ஃபிர் மரமும் அடர்ந்த காடு. மேலே வானத்தில் வெளிச்சம் இருக்கிறது, தரையில் இல்லை. கரடியோ அவசரமே இல்லாமல் ஏழே முக்காலுக்கு வந்தது. பழுப்பு ரோமம் இருக்கிற கொஞ்சம் வெளிச்சத்தையும் குடித்துவிடும். என்னிடம் இருந்தது 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ். முழுக்க நீட்டினால் எஃப் 6.3; இந்த எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 12800 வரை ஏற்றியும் (ஏற்ற ஏற்றப் படம் புள்ளி புள்ளியாகும்), ஷட்டர் 1/80 நொடிதான். கரடி நின்றால் படம், நடந்தால் கலங்கிய கரித்தீற்றல். எட்டரைக்கு எல்லாம் முடிந்து, டார்ச் பிடித்துக் காருக்கு நடந்தோம். மறுநாளும் இதேதான், கூடவே மேகம். இரண்டு மாலைகளையும் கூட்டினால் படம் எடுக்க முடிந்த நேரம் ஒரு மணிகூடத் தேறாது.

மறு ஆண்டு ஜூன் கடைசியில் ஃபின்லாந்து. கூஹ்மோ 64 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் விழுவதில்லை. சரிவாக, சோம்பேறித்தனமாக இறங்கி, இரவு 11 மணிக்கு மேல் மறைந்து, 3 மணிக்கு முன்னாலேயே எழும்பிவிடுகிறது. நடுவில் எவ்வளவு ஆழம் போனாலும் அடிவானத்துக்கு இரண்டரை பாகை கீழேதான். அதாவது நள்ளிரவிலும் நம்மூர் மாலை ஏழரை மணி வெளிச்சம், அதுவும் மணிக்கணக்கில். மாலை ஐந்துக்கு உள்ளே போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே. பதினான்கு மணி நேரம்!

முதல் இரவு ஒன்பதே முக்காலுக்குத் தாயும் இரண்டு குட்டிகளும் வந்தன. கொஞ்ச நேரத்தில் பெரிய ஆண் ஒன்று மரங்களுக்கிடையே தலைகாட்ட, குட்டிகள் இரண்டும் பைன் மரத்தில் விறுவிறுவென ஏறிவிட்டன. நான் பதற்றத்தில் ஃபோகஸைத் தவறவிட்டேன். ஸ்லோவேனியாவாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். இங்கே குட்டிகள் இறங்கின, மறுபடி ஏறின, இரவு ஒரு மணி வரை இதே விளையாட்டு. இருட்டின உச்சத்தில் ஐஎஸ்ஓ 6400 வரை போனேன். அது வாடகைக்கு எடுத்த 500 மி.மீ. எஃப் 4 லென்ஸால் முடிந்தது. எஃப் 6.3-க்கும் எஃப் 4-க்கும் இடையே இரண்டரை மடங்கு வெளிச்சம். ஜூம் மட்டும் இருக்கிறவர்கள் நள்ளிரவு ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்தாலும் நட்டமில்லை. மூன்று மணிக்குச் சதுப்பில் பனிமூட்டம் எழும்பி, பருத்திப்புல்லின் வெள்ளைப் பஞ்சுக் குஞ்சங்களுக்கு நடுவே ஒரு கரடி தனியாக நடந்து வந்தது. என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரே படம் அதுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்லோவேனியாவில் எனக்குக் கிடைத்தது இரண்டே மாலைகள். வானம் தெளிந்த வாரத்தில் போனவர் வேறு மாதிரி எழுதக்கூடும். எஃப் 2.8 லென்ஸ் கையில் இருப்பவர்களுக்கு நான் புலம்புவதே வேடிக்கையாக இருக்கலாம். காட்டின் அழகும் அங்கேதான் அதிகம். பாசி படர்ந்த சுண்ணாம்புப் பாறை, தளிர்விட்ட பீச் இலை, அதன் நடுவே கரடி. ஃபின்லாந்தின் சதுப்பும் ஒல்லிப் பைன்களும் அதற்கு ஈடாகாது. ஸ்லோவேனியாவில் ராத்திரி கட்டிலில் படுக்கலாம். என் மனைவிக்கு போஸ்தோய்னா குகையும் லியூப்லியானாவின் ஆற்றங்கரையும் பிடித்துப்போய், "கரடிய நீங்க பாருங்க, நான் ஊரப் பார்க்கிறேன்" என்று தனியாகக் கிளம்பிவிட்டார். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஃபின்லாந்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே குடிலுக்குள் ஒரு வாளிதான் கழிவறை.

தம்பிக்குச் சில விவரங்கள். ஃபின்லாந்து என்றால் ஜூன் கடைசி. செப்டம்பரில் இலை நிறம் மாறி அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரவு இரவாகவே ஆகிவிடும், நான் சொன்ன கணக்கு செல்லாது. ஜூனில்கூட அதிகாலை ஐந்து பாகைக் குளிர் வரும், கம்பளிச் சட்டை வேண்டும். கொசு நம்மூர்க் கொசுவுக்கு அண்ணன். மருந்து தடவினால் வாசம் கரடிக்கு எட்டிவிடும் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் வலைத் தொப்பி. சம்பல் வாசமும் அதே கணக்கில்தான். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று பசியாறினேன். முக்காலிக்குக் குடிலில் இடமில்லை. வெறும் துணிப்பையைக் கொண்டுபோய், காயானி கடையில் அரிசி வாங்கி நிரப்பி, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தேன். திரும்பும்போது அரிசியைத் தங்கியிருந்த வீட்டுச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று இரவுகளுக்குக் குறைத்து வாங்காதே தம்பி. முதல் இரவு பதற்றத்தில் போய்விடும். இரண்டாவதில் எனக்கு மழை.