புதுத் தீவு தேட எது நல்லது: கூகுள் எர்த்தா, சென்டினலா?

வரைபடத்தில் ஏறாத தீவைத் திரையிலேயே தேட நினைப்பவர்களுக்குக் காசில்லாமல் இரண்டு வழி உண்டு. ஒன்று கூகுள் எர்த். இன்னொன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைத் தரும் கோபர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளம். தடாவில் இருக்கும் எனக்குப் பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி இருப்பதால் இரண்டையும் அங்கேதான் பழகினேன். இப்போது சென்டினலை விட்டு நகர்வதில்லை.

கூர்மையில் கூகுள் எர்த்தை அடிக்க முடியாது. இருக்கம் தீவின் வீடுகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். சென்டினலில் ஒரு புள்ளியே 10 மீட்டர், வீடெல்லாம் மங்கல்தான். ஆனால் கூர்மைதான் எல்லாம் என்று நினைக்க வேண்டாம். 1970-களில் கனடாவின் லாப்ரடார் கடலோரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட லேண்ட்சாட் தீவின் அளவு ஏறக்குறைய 25-க்கு 45 மீட்டர். அதைக் காட்டிக்கொடுத்த அமெரிக்கச் செயற்கைக்கோள் லேண்ட்சாட்-1-ன் படத்தில் ஒரு புள்ளி சுமார் 80 மீட்டர்!

எனக்கு முக்கியம் தேதி. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இருபுறமும் கோடையில் வெறும் சேறு. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் அதே இடம் தண்ணீர்க்காடு, நடுவே மேடுகள் மட்டும் தீவு போலத் தெரியும். இதில் ஏதாவது ஒரு நாள் படத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? கூகுள் எர்த்திலும் பழைய படங்கள் உண்டு, ஆனால் நமக்கு வேண்டிய மாதம் இருக்கும் என்பது நிச்சயமில்லை. சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்துவிடும், ஒவ்வொரு படத்திலும் தேதி இருக்கும். கூடவே அகச்சிவப்புப் பட்டை, அதாவது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுத்த படம். இயல்பு நிறத்தில் முகத்துவாரத்தருகே வெளிர் பழுப்பாகத் தெரியும் திட்டை இந்தப் பட்டைக்கு மாற்றிப் பாருங்கள். தண்ணீருக்கடியில் இருந்தால் கருப்பில் கரைந்துவிடும். மேலே எழும்பிய மணல் மட்டும் வெளுப்பாக நிற்கும். அப்புறம் அடுத்தடுத்த தேதிகளிலும் அது அங்கேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மேகநிழலும் அலைநுரையும் இந்தச் சோதனையில் கழன்றுவிடும்.

தேதி தெரியாத தகவலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு சாண்டி தீவு சாட்சி. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையே கூகுள் எர்த்திலும் அது இருந்தது. 2012-ல் சதர்ன் சர்வேயர் கப்பல் போய்ப் பார்த்தபோது ஆழ்கடல்தான் இருந்தது. நம் வங்கக் கடலில் 1970 புயலுக்குப் பின் எழுந்த நியூ மூர் தீவோ 2010-க்குள் மூழ்கியே போனது.

சென்டினலுக்கும் குறை உண்டு. பருவமழை மாதங்களில் மேகம் மறைத்துவிடும். சென்டினல்-1 என்ற இன்னொரு செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தையும் ஊடுருவும். அதில் எனக்குப் பழக்கம் குறைவு, எவ்வளவு கைகொடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். சென்டினல்-2 பெரும்பாலும் நிலத்தையும் கரையோரத்தையும்தான் எடுக்கும், நடுக்கடலுக்கு அதை நம்ப முடியாது. பழைய காலத்துக்கு லேண்ட்சாட்தான் வழி: 1972 முதல் படங்கள் இருக்கின்றன. 2022-ல் டோங்காவில் எரிமலையால் எழுந்த ஹோம் ரீஃப் தீவையும் லேண்ட்சாட்-9 படம்பிடித்திருக்கிறது.