கூலண்ட் ஃபிட்டிங்ல இருக்கறது என்ன மரை? என்பிடியா, பிஎஸ்பியா, மெட்ரிக்கா

டெம்பரேச்சர் சென்சார், ஹீட்டர் ஹோஸ் நிப்பிள், பிளாக் டிரெயின் பிளக், இதுல எதை மாத்தப் போனாலும் முதல்ல மண்டையைக் குடையறது "இது என்ன மரை"ங்கறதுதான். களத்துல நாலு பேர் இருக்காங்க. அமெரிக்கக்காரனோட பைப் மரை என்பிடி, பிரிட்டிஷ்காரனோட பைப் மரை பிஎஸ்பிடி, அதே குடும்பத்துல நேர் மரையா இருக்கற பிஎஸ்பிபி (ஜி மரைன்னு சொல்றதும் இதைத்தான், இந்த ரெண்டையும் சேர்த்து பிஎஸ்பின்னு சொல்றேன்), அப்புறம் மில்லி கணக்குல வர்ற மெட்ரிக். கையில வச்சுப் பார்த்தா எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன், விட்டம் அளக்கற வெர்னியரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, பிட்ச் கேஜ் (மரைக்கு மரை இருக்கற இடைவெளியான பிட்ச்சை, பல்லு வெட்டின இதழ்களை வச்சுப் பார்க்கற கருவி) சொல்றதுதான் தீர்ப்பு. ஏன்னா என்பிடியும் பிஎஸ்பிடியும் கூம்பு மரை, 16 மில்லி நீளத்துக்கு விட்டம் 1 மில்லி மாறும், வெர்னியர் வாயை எந்த இடத்துல வச்சீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி ஒரு அளவு வரும். இதுல ஒரு நூல் (1/8 இஞ்ச்) என்பிடிக்கும் ஒரு நூல் பிஎஸ்பிக்கும் விட்டத்துல வித்தியாசமே அரை மில்லி சொச்சம்தான், அதை இந்தக் கூம்பே முழுங்கிடும். இன்னொண்ணு, பேரைப் பார்த்து அளக்கக் கூடாது, 1/2 இஞ்ச் என்பிடியோட வெளி விட்டம் 21.3 மில்லி, அதுல அரை இஞ்ச் எங்கயுமே கிடையாது.

சின்ன சைஸ்லதான் குழப்பம் ஜாஸ்தி. 1/8 என்பிடி சுமார் 10.3 மில்லி, இஞ்ச்சுக்கு 27 மரை. 1/8 பிஎஸ்பி 9.7 மில்லி, இஞ்ச்சுக்கு 28. நடுவுல எம்10 (10 மில்லி மெட்ரிக் மரை) ஒண்ணு, பிட்ச் 1 மில்லி, அதாவது இஞ்ச்சுக்கு இருபத்தஞ்சரை கிட்ட. மூணையும் மாத்தி மாத்தி ரெண்டு சுத்து ஏத்திடலாம், மூணாவது சுத்துல லேசா பிடிக்கும், நாமளும் "ஆஹா டைட் ஆகுது"ன்னு ஸ்பானர் போடுவோம், அங்கதான் அலுமினிய மரை போகும். பிட்ச் கேஜ்ல 27 இதழை 28 மரை மேல வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஓரத்துல வெளிச்சம் கசியறது தெரியும், சரியான இதழ்னா கறுப்பா உக்காந்துடும். கேஜ் வாங்கும்போது 27 இதழ் இருக்கான்னு பார்த்து வாங்குங்க, சில செட்ல அது இருக்காது.

1/4 சைஸ்லயும் இதே கதைதான். என்பிடி 13.7 மில்லி, 18 மரை. பிஎஸ்பி 13.15 மில்லி, 19 மரை. எம்14 ஒண்ணரை பிட்ச் பக்கத்துலயே உக்காந்திருக்கும். ஆனா கூம்பு மரைகள்ல இருந்து மெட்ரிக்கைப் பிரிக்கறது சுலபம், அது பெரும்பாலும் கூம்பு இல்லை, நுனியிலயும் அடியிலயும் ஒரே அளவு வரும், கூடவே வாஷர் உக்கார்ற மாதிரி தட்டையான முகம் இருக்கும்.

உண்மையான வில்லன் 1/2 இஞ்ச்தான். என்பிடி, பிஎஸ்பி ரெண்டுக்குமே இஞ்ச்சுக்கு 14 மரை, அதனால பிட்ச் எண்ணிக்கை இங்க உதவாது, விட்டமும் 21.3-க்கு 20.95. நல்லாவே ஏறும், டைட்டும் ஆகும், ஆனா என்பிடி மரையோட கோணம் 60 டிகிரி, பிஎஸ்பி 55, பல்லும் பல்லும் முழுசா பொருந்தாது, வண்டி சூடாகி ஆறி சூடாகி ஆறி நாலு நாள்ல கூலண்ட் ஓரமா பச்சையா பூத்திருக்கும். லென்ஸ் வச்சுப் பாருங்க, என்பிடி மரையோட உச்சி தட்டையா இருக்கும், பிஎஸ்பி உச்சி உருண்டையா இருக்கும். 3/4-லயும் ரெண்டும் 14 தான், இதே சோதனைதான்.

எந்த வண்டியில எதுங்கறது பாதி வேலையைக் குறைக்கும். பழைய ஷெவர்லே ஸ்மால் பிளாக்ல இன்டேக் மேனிஃபோல்டு ஹீட்டர் நிப்பிள் 1/2 என்பிடி, வாட்டர் பம்ப்ல 3/4 என்பிடி, ஆனா அதே கம்பெனியோட எல்எஸ் இன்ஜினுக்கு வந்தா ஹெட்ல சென்சார் எம்12 ஒண்ணரை பிட்ச். பழைய மினியோட ஏ சீரிஸ்ல சென்சார் 5/8 யுஎன்எஃப், இது இஞ்ச் போல்ட் மரை, பைப் மரையே கிடையாது. ஜப்பான் வண்டிகள்ல ஆயில் பிரஷர் சுவிட்ச் பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி. ஐரோப்பிய வண்டின்னா பெரும்பாலும் எம்12, எம்14. புது ஃபோக்ஸ்வாகன்ல நிறைய இடத்துல மரையே இல்லை, ஓ ரிங் போட்டு கிளிப் மாட்டி முடிச்சிடறாங்க.

வெளியில வாங்கற எக்ஸ்ட்ரா டெம்பரேச்சர் கேஜோட சென்சார் பெரும்பாலும் 1/8 என்பிடிதான் வருது. நம்ம ஊர் பிளம்பிங் கடையில கிடைக்கற பித்தளை நிப்பிள், ஜிஐ பிளக் எல்லாம் பிஎஸ்பி. அதனால "மூணு நூல் நிப்பிள் குடுங்க"ன்னு தண்ணி பைப் கடையில வாங்கி அமெரிக்க இன்ஜின்ல மாட்டினா என்ன ஆகும்னு மேலே படிச்சாச்சு. அதுக்கு அடாப்டர் வாங்கறதுதான் நல்லது. 1/8 பிஎஸ்பி ஓட்டையில என்பிடி டேப் (மரை வெட்டற கருவி) ஓட்டி சமாளிக்கறவங்க இருக்காங்க, பிட்ச் வேற வேறங்கறதால பழைய மரை சிதைஞ்சு பாதி பாதியா நிக்கும், எனக்கு அது பிடிக்காது.

ஓட்டைப் பக்கம் என்ன மரைன்னு கேஜ் வச்சுப் பார்க்கறது கஷ்டம். ஒவ்வொரு வகையிலயும் ஒரு பித்தளை பிளக் வாங்கி வச்சுக்கறதுதான் என் வழி, விரலால மட்டும் ஏத்திப் பாருங்க. கூம்புன்னா மூணுல இருந்து அஞ்சு சுத்து வரைக்கும் ஆட்டமில்லாம போய் நிக்கணும், ஒண்ணரை சுத்துல நின்னா அது வேற மரை, கடைசி வரைக்கும் லொடலொடன்னு போனாலும் வேற மரை.

புதுசா ஓட்டை போடற சுதந்திரம் இருந்தா நான் மெட்ரிக் இல்லைன்னா பிஎஸ்பிபியைத்தான் எடுப்பேன். சீல் பண்றது செம்பு வாஷர், மரை இல்லை, பத்து தடவை கழட்டி மாட்டினாலும் வாஷரை மாத்தினா போதும். கூம்பு மரை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உள்ள போகும், அலுமினிய ஹவுசிங்ல ஆப்பு மாதிரி வேலை செஞ்சு விரிசல் விட்டுடும். கூலண்ட் சிஸ்டம்ல பிரஷர் ஒரு பார் சுத்தித்தான், அதுக்கு முரட்டுத்தனமா இறுக்க அவசியமே இல்லை, கூம்பு மரைன்னா விரலால டைட் பண்ணி அப்புறம் ஒண்ணுல இருந்து ரெண்டு சுத்து.

சீலன்ட் பத்தி ஒரே விஷயம். ஒத்தை வயர் சென்சாருக்கு எர்த் மரை வழியாத்தான் போகுது, டெஃப்லான் டேப்பை ஏழெட்டு சுத்து சுத்தினா கேஜ் தப்பா காட்டலாம். முதல் ரெண்டு மரையை விட்டுட்டு லிக்விட் சீலன்ட் லேசா தடவுங்க, மாட்டின கையோட மல்டிமீட்டர்ல சென்சார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் கன்டின்யுட்டி பார்த்துட்டு அப்புறம் கூலண்ட் ஊத்துங்க.