ஏர் ஃபில்டரில் சிக்கிய இலை: ஒன்பது ஆண்டுக் கார் பராமரிப்பு அனுபவம்

என் காருக்கு ஒன்பது வயது. மீட்டர் 1,28,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் கியர்; பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லாத சாதாரண வண்டி. முதல் நான்கு ஆண்டுகள் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் விட்டேன். அடுத்த இரண்டு ஆண்டுகள் எல்லாவற்றையும் நானே செய்தேன். கடைசி மூன்று ஆண்டுகளாகச் சில வேலைகள் என்னுடையவை, சில அவர்களுடையவை. எது மேல் என்று யாராவது கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல வருவதில்லை.

முதல் நான்கு ஆண்டுகளில் வேறு யோசனையே எழவில்லை. வாரண்டி இருந்தது, அது போய்விடுமோ என்ற பயமும் கூடவே இருந்தது. வாரண்டிப் புத்தகத்தை நான் ஒழுங்காகப் படித்தது மூன்றாம் ஆண்டில்தான். குறித்த இடைவெளியில், குறித்த தரமுள்ள பொருள்களைக் கொண்டு பராமரித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பதே அதன் சாரம். அதை யார் கையால் செய்ய வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே அந்தப் பக்கங்களைப் படிக்காமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம். வாரண்டிக் காலத்தில் கியர்பாக்ஸில் ஒரு பெரிய கோளாறு வந்தால், ஆயில் சர்வீஸில் மிச்சம் பிடித்ததெல்லாம் தூசுக்குச் சமம்.

நான்காம் ஆண்டு சர்வீஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சும்மா பார்ப்போமே என்று ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். நான்கு கிளிப்புகள்தான், கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஃபில்டரின் மடிப்புகளுக்கு இடையே ஒரு காய்ந்த இலை காம்போடு செருகிக் கிடந்தது. எப்படியும் மாற்றத்தானே போகிறார்கள் என்று அப்படியே மூடிவிட்டேன். சர்வீஸ் முடிந்து வந்த பில்லில் ஏர் ஃபில்டர் ஒன்று என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் அதே இலை, அதே மடிப்பு. திரும்பப் போய்க் காட்டினேன். மன்னிப்புக் கேட்டார்கள், உடனே மாற்றியும் கொடுத்தார்கள். வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று இன்றும் சொல்லமாட்டேன். வரிசைகட்டி நின்ற கார்களுக்கு நடுவே, ஒருவர் செய்திருப்பார் என்று இன்னொருவர் நினைத்திருக்கலாம்.

ஆனால் அன்று இரவு பழைய பில்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் காரோடு வந்த கையேடு. அதில் பராமரிப்பு அட்டவணை. எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் சுத்தம், ஏசி கிருமிநீக்கம், பெட்ரோலில் கலக்கும் ஏதோ ஒரு திரவம் என்று பில்லில் இருந்த பல வரிகள் அட்டவணையில் எங்கும் இல்லை. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் கொடுத்ததைவிட இவற்றுக்குக் கொடுத்தது அதிகம். கையெழுத்துப் போட்டவன் நான்தான். யாரும் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

வாரண்டி முடிந்ததும் முதல் ஆயில் மாற்றத்தில் இறங்கினேன். மூன்றரை மணி நேரம் ஆயிற்று. வடிக்கும் போல்ட்டின் கடைசிச் சுற்றில் விரல் நழுவி, போல்ட் கறுப்பு ஆயிலுக்குள் விழுந்தது. தட்டை நேர் கீழே வைத்திருந்தேன். ஆயிலோ சாய்வாகப் பீய்ச்சியடித்து முதல் கால் லிட்டரைத் தரைக்குக் கொடுத்தது. எஞ்சின் இளஞ்சூடாக இருந்தாலே போதும், கொதிக்கக் கொதிக்க வடிக்கத் தேவையில்லை என்பதை மணிக்கட்டின் எரிச்சல் கற்றுத் தந்தது. ஆயில் டப்பாவில் இருக்கும் 5டபிள்யூ-30 என்ற குறியீட்டில் உள்ள டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். அதுவரை எடையைக் குறிக்கிறது என்றே நினைத்திருந்தேன், கேட்டவர்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் முறை நேர்ந்தது இன்னும் சுவையானது. பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. புதிய ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, கையால் அழகாக முறுக்கி, அதன் மேலேயே ஏற்றிவிட்டேன். எஞ்சினை முடுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தால் கீழே ஒரு குளம். உடனே நிறுத்தியதால் எஞ்சின் பிழைத்தது. அதற்குப் பிறகு பழைய ஃபில்டரைக் கழற்றியதும் முதல் வேலை, வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்து, எஞ்சின் பக்கத்தைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பார்ப்பது.

இப்போது அதே வேலை, துடைத்து எடுத்து வைப்பது உட்பட, ஐம்பது நிமிடம். வடிக்கும் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். முறுக்குவதற்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். என் காருக்கு 35 நியூட்டன் மீட்டர். பல கார்களில் ஆயில் தொட்டி அலுமினியம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும். தொட்டியையே மாற்ற வேண்டிவரலாம். ஊற்றும்போதும் நிதானம் தேவை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியின் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட அளவு பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். மேல்கோட்டை நன்றாகத் தாண்டிவிட்டால், சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

கேபின் ஃபில்டர், வைப்பர், பேட்டரி, பல்பு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேபின் ஃபில்டரில் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும், பேட்டரியில் எதிர் (மைனஸ்) முனையை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்பார்க் பிளக் மட்டும் எஞ்சின் முழுதாக ஆறிய பின். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தின் மூடியும் அப்படியே. சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். கூலண்டின் நிறத்தை நம்பி ஊற்றவும் கூடாது. பச்சை, சிவப்பு என்பதெல்லாம் தயாரிப்பவர் சேர்க்கும் சாயம். எந்த வகை என்பதைக் கையேடு சொல்லும்.

இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வெற்றி கண்டவனுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? ஆறாம் ஆண்டில் முன்பக்க பிரேக் பேடுகளை மாற்றினேன். புதிய, தடித்த பேடுகளுக்கு இடம் கிடைக்க, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளியபின், காரை நகர்த்தும் முன், பெடலைப் பலமுறை மிதித்து பிஸ்டனை மீண்டும் பேடோடு சேர்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. படித்திருக்கிறேன், காணொளியிலும் பார்த்திருக்கிறேன். அன்று இருட்டத் தொடங்கியிருந்தது, அவசரம், மறந்துவிட்டேன். ரிவர்ஸில் மெதுவாக எடுத்துப் பெடலை மிதித்தால் கால் தரைவரை போயிற்று. எதிர்ப்பே இல்லை. கை தானாகக் கைபிரேக்கை இழுத்தது. இறங்கிப் பார்த்தேன்; பின்புறச் சுவருக்கும் பம்பருக்கும் இடையே ஒரு சாண்.

அரை வைத்தியன் என்று நம்மவர்கள் சொல்வது யாரை என்று அன்று புரிந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆயில் வேலையில் நான் செய்த தவறுகள் எல்லாம் கார் நின்ற இடத்திலேயே தம்மைக் காட்டிக்கொடுத்தன: சொட்டின, ஒழுகின, குளம் கட்டின. பிரேக்கில் செய்த தவறோ, காரை நிறுத்த வேண்டிய கணம் வரும்வரை மூச்சே விடவில்லை. அதன்பிறகு எந்த வேலையைத் தொடும் முன்பும் எனக்கு நானே கேட்டுக்கொள்வது இதுதான்: இதில் தவறினால் அது எங்கே வைத்து எனக்குத் தெரியவரும்? நின்ற இடத்திலேயே தெரியும் என்றால் நான் செய்வேன். ஓடும்போதுதான் தெரியும் என்றால் கொடுத்துவிடுவேன்.

இந்த விதியில் ஓட்டை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டயர்களை இடம் மாற்றிப் போடுவது இன்னும் என் வேலைதான். வீல் நட்டு தளர்ந்தால் அது ஓடும்போதுதானே தெரியும்? ஆனால் நட்டுகளை எதிரெதிராக, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க முடிகிறது. பிரேக் ஆயிலுக்குள் காற்றுக் குமிழி தங்கிவிட்டதா என்பதை அதே உறுதியோடு என்னால் சொல்ல முடியாது. பேடு மாற்றுவது சின்ன வேலை, இதற்குப் போய்ப் பயப்படுவதா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கை என் கையைவிடத் தேர்ந்ததாக இருக்கலாம். மின்சாரக் கைபிரேக் உள்ள கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பின்பக்கப் பிஸ்டனைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவராமல் வலுவில் தள்ளினால் மோட்டார் கெட்டுவிடும்.

பிரேக் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளே ஆவி உண்டானால் பெடல் பஞ்சு போலாகிவிடும். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். சர்வீஸ் சென்டரில் விற்க முயலும் பலவற்றை மறுக்கும் நான், இதற்கு மட்டும் நானே நினைவுபடுத்திக் கேட்டு வாங்குகிறேன்.

சர்வீஸ் சென்டரைக் குறை சொல்லியே முடித்துவிட்டால் அது அநியாயம். ஏழாம் ஆண்டில் பிரேக் ஆயில் மாற்றப் போனபோது, காரைத் தலைக்குமேல் தூக்கி விளக்கடித்துப் பார்த்த மெக்கானிக் என்னை அழைத்தார். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறையில் ஒரு கீறல். சக்கரத்தின் உட்புறம் முழுக்க கிரீஸ் தெறித்திருந்தது. அந்த ஆண்டு மட்டும் மூன்று முறை அதே காரின் அடியில் படுத்திருக்கிறேன். என் கண்ணுக்குப் பட்டது ஆயில் போல்ட் மட்டுமே. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் தூசு புகுந்து மூட்டே போயிருக்கும். உறையோடு முடிந்தது. இன்னொரு முறை, நிறுவனம் திரும்ப அழைத்திருந்த ஒரு பாகத்தைக் கட்டணமில்லாமல் மாற்றினார்கள். எஞ்சின் கணினியின் மென்பொருளையும் புதுப்பித்தார்கள். அப்படி ஓர் அழைப்பு இருந்ததே எனக்குத் தெரியாது. இப்போது காரின் அடையாள எண்ணை நிறுவன இணையதளத்தில் போட்டு அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது அங்கே போகும்போது பேச்சு மாறிவிட்டது. எதையாவது சேர்க்கச் சொன்னால் கையேட்டை நீட்டி, இது அட்டவணையில் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்கிறேன். சண்டைக்காக அல்ல, சில சமயம் உண்மையிலேயே காட்டிவிடுகிறார்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காரிலேயே வைக்கச் சொல்கிறேன். பிரேக் பேடு எவ்வளவு மிச்சம் என்று சொன்னால், போன மாதம் நானே பார்த்த அளவோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன். ஆயிலில் கைவைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்கத் துணிவு வந்திருக்காது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: ஓர் ஆயில் சர்வீஸ் நானே செய்தால் முன்பு கொடுத்ததில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே ஆகிறது. கருவிகளுக்குப் போட்டது மூன்றாவது சர்வீஸில் திரும்பிவிட்டது. அதில் அதிகம் செலவானது தூக்கிய காரைத் தாங்கும் ஒரு ஜோடி ஸ்டாண்டுக்கும் டார்க் ரெஞ்சுக்கும். இரண்டிலும் கருமித்தனம் கூடாது. காரோடு வரும் ஜாக் டயர் மாற்ற மட்டுமே. ஜாக்கின் பலத்தில் மட்டும் நிற்கும் காரின் அடியில் தலையை நுழைக்காதீர்கள். சமதரையில், ஸ்டாண்டு வைத்து, காரைத் தோளால் ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே நுழையுங்கள். இன்னொரு செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை: ஒவ்வொரு முறையும் மிஞ்சும் நான்கு லிட்டர் பழைய ஆயில். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற முடியாது, ஊற்றவும் கூடாது. கேனில் அடைத்து, மறுசுழற்சிக்கு எடுக்கும் இடத்துக்குக் கொண்டு போவதற்கே பாதி நாள் போகிறது. எனக்கு இந்த வேலையில் பிடிக்காதது இதுதான்.

எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், வாங்கிய ஆயிலின் பில், மீட்டரின் புகைப்படம். விற்கும்போது நிறுவன முத்திரைக்கு இருக்கும் மதிப்பு இதற்குக் கிடைக்காது என்று தெரியும். விற்கும் எண்ணமும் இல்லை.

போன வாரம் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றலாம் என்று அடியில் படுத்தேன். பழகியவர்கள் முதலில் சொல்வது, வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார் என்பது; இல்லாவிட்டால் வடித்த பிறகு புது ஆயில் ஊற்ற வழியிருக்காது. பார்த்தேன், ஒன்பது ஆண்டாக யாரும் தொடாத போல்ட், இம்மியும் அசையவில்லை. ரெஞ்சுக்குக் குழாய் மாட்டி இழுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு காரை இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் செய்தேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிலை நானே கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார்கள்.