விமான என்ஜினுக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் நம் பக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். ஒருவர் ஏமாந்தால் இன்னொருவர் காதுக்கு எட்டுவதில்லை. விற்பவர்களுக்கு அது ரொம்ப வசதி. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு "அமெரிக்க ஃபேக்டரியில் உங்களுக்காகவே கட்டிய புது என்ஜின்" என்று விற்கும் ஒரு தரகர், பெயின்ட் அடித்த பழைய என்ஜினை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். விவகாரம் வழக்கில் இருப்பதால் பெயர் போடவில்லை. அதே ஆள் இப்போது கிருஷ்ணகிரி பக்கம் ஒருவருக்கு விலை சொல்லியிருக்கிறார் என்று தெரிந்ததால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ராணிப்பேட்டையில் பட்டறை. லாரி, போர்வெல் வண்டி என்ஜின்களுக்கு போரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் செய்கிறோம். என் சித்தி மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். வாலாஜா பக்கம் எங்கள் நிலத்தில் ஒரு ஷெட் போட்டு, வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-9ஏ கிட்டை (பாகங்களாக வரும், நாமே பூட்ட வேண்டும்) வாங்கி, சனி ஞாயிறுகளில் ரிவெட் அடித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்துப் பக்கத்தில் இருவர் உட்காரும் அலுமினிய விமானம். சித்திக்கு இது இன்னும் பெரிய தகரப் பெட்டிதான். உடம்பு, இறக்கை எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது என்ஜின்.

இந்த விமானத்துக்கு அதிகம் பேர் போடுவது லைகோமிங் ஓ-320. நாலு சிலிண்டர், காற்றிலேயே குளிர்வது, 5.2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 160 குதிரைசக்தியை நிமிடத்துக்கு 2,700 சுற்றிலேயே கொடுத்துவிடும். கியர் கிடையாது, கிராங்கின் முனையிலேயே புரொபெல்லர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் வில்லியம்ஸ்போர்ட்டில் உள்ள லைகோமிங் ஆலையில் 'தண்டர்போல்ட்' என்று ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. வீட்டில் கட்டும் விமானம், சாகச விமானம் வைத்திருப்பவர்கள் கேட்கும் சக்தி, இக்னிஷன், எரிபொருள் அமைப்பு, பெயின்ட் நிறம் வரை அவரவர் விருப்பப்படி கட்டி, டெஸ்ட் செல் என்கிற சோதனை அறையில் ஓட்டிப் பார்த்து அனுப்புவார்கள். ரெட் புல் ஏர் ரேஸில் 2014 முதல் எல்லாருக்கும் ஒரே மாதிரி என்ஜின் என்று விதி வந்தபோது, அந்த ஆறு சிலிண்டர் என்ஜின்கள் இந்தப் பிரிவிலிருந்துதான் போயின. தரகர் எங்களிடம் சொன்னதும் இந்தப் பெயரைத்தான். தம்பி நீல நிறம் கேட்டான். "ஃபேக்டரிக்கே சொல்லிடறேன் சார்" என்றார்.

விலை 38 லட்சம். மலிவாகச் சொல்லியிருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். ஒப்பந்தத்தில் 28 லட்சம் முன்பணம், மீதி 10 லட்சம் என்ஜின் நம்பரை ஆலையில் சரிபார்த்த பிறகு என்று எழுதி வாங்கினோம். பட்டறைத் தொழிலில் இது பழகிப்போன விஷயம். கிராங்க் வாங்கினால்கூட அளந்து பார்க்காமல் பாக்கியைத் தரமாட்டோம்.

பெட்டி கத்திரி வெயிலில் வந்து இறங்கியது. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணன் எங்கள் குடும்ப நண்பர். அவரையும் வரச் சொல்லியிருந்தேன். பலகையைக் கழற்றி பிளாஸ்டிக்கை விலக்கியதும் குனிந்து ஸ்பார்க் பிளக் துளைகளைப் பார்த்தார். நிமிர்ந்தார். "இன்னா தம்பி, இதுக்கா இவ்ளோ துட்டு குடுத்தீங்க?" என்றார்.

அவர் தேடியது ஈரம் உறிஞ்சும் பிளக்குகளை. ஆலையிலிருந்து வரும் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி போன்ற பிளக்குகள் திருகியிருக்கும். உள்ளே நீல நிறத்தில் சிலிக்கா ஜெல். ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறிவிடும். கப்பலில் வாரக்கணக்கில் கடல் காற்றில் வருகிற சரக்குக்கு இது இல்லாமல் தீராது. எங்கள் பெட்டியில் அந்த இடத்தில் இருந்தவை சிவப்பு பிளாஸ்டிக் மூடிகள். ஒன்றில் மூடியும் இல்லை, துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

பெயின்ட் தம்பி கேட்ட அதே நீலம்தான். ஆனால் நட்டு, வாஷர், ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றின் மேலும் ஒரே பூச்சாக ஓடியிருந்தது. பூட்டிய பிறகு மொத்தமாக ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். புஷ்ராட் குழாய்களுக்கு நடுவே, சிலிண்டர் விளிம்பில் நகத்தால் சுரண்டினேன். நீலத்துக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே ஆரஞ்சுக் கோடு. லைகோமிங்கில் அந்த இடத்து நிறத்துக்கு அர்த்தம் உண்டு. ஒன்றுமில்லை அல்லது சாம்பல் என்றால் சாதாரண ஸ்டீல். நீலக் கோடு நைட்ரைடு. பச்சை, 10 தவு (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் பத்து பங்கு) பெரிதாக்கிய போர், அதாவது சிலிண்டரின் உள்துளை. மஞ்சள், 20 தவு. ஆரஞ்சு என்றால் குரோம் முலாம் பூசியது, அதாவது ஒருமுறை தேய்ந்த சிலிண்டருக்கு உயிர் கொடுத்தது. முலாம் போட்டது தவறே கிடையாது, நல்ல வேலைதான். ஆனால் அதை மறைத்து "புது சிலிண்டர்" என்று பில் போடுவது வேறு கதை. இன்னொரு விஷயமும் உண்டு. குரோம் போரில் பிஸ்டனுக்குக் குரோம் ரிங் போடக்கூடாது, ஒன்றையொன்று அரைத்துத் தின்றுவிடும். அப்படியானால் உள்ளே இருப்பது என்ன ரிங்?

திறந்து பார்த்தால் "நீங்களே பிரித்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்பார்கள். அதனால் முதலில் தரகருக்கு எழுத்தில் தகவல் கொடுத்தோம். வெளியிலிருந்து ஒரு பொறியாளரை அழைத்து, முழுவதையும் வீடியோ எடுத்துக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொட்டேன். உங்களுக்கும் இந்த நிலைமை வந்தால் இந்த வரிசை மாறக்கூடாது.

ஒரு சிலிண்டரைக் கழற்றினோம். ரிங்கும் குரோம்தான்.

சிலிண்டர் இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் தெரியும். லைகோமிங்கில் கேம் கிராங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். என்ஜின் மாதக்கணக்கில் சும்மா நின்றால் எண்ணெய் எல்லாம் வடிந்து கீழே போய்விடும், துரு முதலில் பிடிப்பது மேலே இருக்கும் கேமைத்தான். எங்கள் கேமின் மூக்கில் விரல் வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. அது கேமில் உரசி ஓடும் லிஃப்டரை அரைத்து, உலோகத் தூளை எண்ணெயில் கலந்து, கொஞ்ச காலத்தில் பேரிங்கையும் கொண்டுபோய்விடும்.

அதைவிட என்னைக் கோபப்படுத்தியது கிராங்க் உட்காரும் கூட்டின் இணைப்பு. இந்த என்ஜினின் கிராங்க் கேஸ், அதாவது அந்தக் கூடு, நெடுக்காக இரண்டு பாதி. மூடும்போது கேஸ்கெட் கிடையாது. மெல்லிய பூச்சைத் தடவி, அதன் மேல் பட்டு நூலை ஓரம் நெடுக ஓட்டி, இரண்டு பாதியையும் சேர்த்து முறுக்குவார்கள். ஆரணிக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள், அமெரிக்க விமான என்ஜினுக்குள்ளும் பட்டு இருக்கிறது. மெயின் பேரிங் உட்காரும் வட்டம் அந்த இரண்டு பாதி சேர்வதால் உண்டாவது. நடுவில் தடிமனாக எதையாவது பூசினால் வட்டம் பெரிதாகி, பேரிங்கின் பிடிப்பு தளர்ந்துவிடும். அதற்காகத்தான் நூல். எங்கள் என்ஜினில் நூலே இல்லை. நம்மூர் பைக் மெக்கானிக் டப்பாவிலிருந்து பிதுக்குகிற சிவப்பு சிலிக்கான், உள்பக்கம் புழு புழுவாக வழிந்து நின்றது. எண்ணெய்த் தொட்டியின் உறிஞ்சு சல்லடையைக் கழற்றினேன். அதில் அரிசி அளவுக்குச் சிவப்புத் துண்டுகள். இன்னும் நாலைந்து துண்டு சேர்ந்தால் எண்ணெய் வரத்து குறையும். லாரியில் எண்ணெய் அழுத்தம் விழுந்தால் ஓரமாக நிறுத்தலாம். பாலாற்றுக்கு மேலே ஆயிரம் அடியில் எங்கே நிறுத்துவது?

நம்பரை ஆலைக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். பதில் தெளிவாக வந்தது. அந்த நம்பர் தண்டர்போல்ட் பிரிவில் கட்டியது கிடையாது. 1970களில் போன ஓ-320 இ வரிசை. 150 குதிரைசக்தி. செஸ்னா 172-இல் 1968 முதல் 1976 வரை வந்தது இந்த வரிசைதான். பறக்கும் பள்ளிகளில் ஓடியே தேய்கிற விமானம் அது.

இதைச் சொன்னதும் தரகர் அசரவில்லை. "பத்து குதிரைசக்தி போனா இன்னா சார், கம்ப்ரஷன் கம்மி, பங்க் பெட்ரோல்லயும் ஓடும், உங்களுக்கு லாபம்தான்" என்றார். கம்ப்ரஷன் விஷயம் உண்மை. 160 குதிரைசக்தி ரகத்தில் கம்ப்ரஷன் விகிதம் 8.5, இதில் 7. குறைந்த ஆக்டேன் தாங்கும். ஆனால் இன்று பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய எரிபொருள் குழாய், சீல் எல்லாவற்றையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். அப்புறம் அந்த பத்து குதிரைசக்தி. வேலூர் வெயிலில் காற்று லேசாகிவிடும், இறக்கைக்கும் பிடிமானம் குறையும், என்ஜினுக்கும் மூச்சு குறையும். மே மாதம் மதியத்தில் இருவர் ஏறிக்கொண்டு கிளம்பினால் ஓடுபாதை எவ்வளவு நீளமாகத் தேவைப்படும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். அவர் ஏறப்போவதில்லையே.

அடுத்த சமாதானம் "ஓவர்ஹால் பண்ணி ஜீரோ டைம் ஆக்கியாச்சு" என்பது. என்ஜின் ஓடிய மணிக்கணக்கை எழுதும் லாக் புத்தகத்திலும் பூஜ்யம் மணி என்றுதான் எழுதியிருந்தது. இது அமெரிக்க விமான விதியிலேயே தெளிவாக இருக்கிறது. பழைய ஓட்டக் கணக்கை விட்டுவிட்டு புது லாக் புத்தகம் தொடங்க வேண்டுமானால், அந்த என்ஜினைத் தயாரித்த நிறுவனமோ அது அங்கீகரித்த அமைப்போ மறுகட்டுமானம் செய்திருக்க வேண்டும். மற்ற எந்தப் பட்டறை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது ஓவர்ஹால்தான், மொத்த மணிக்கணக்கு தொடரும். ஓ-320-க்கு ஆலை சொல்லும் ஓவர்ஹால் காலம் 2,000 மணி அல்லது 12 ஆண்டு. கணக்கே அழிந்துபோனால் எதிலிருந்து எண்ணுவது?

இவர்கள் நுழைகிற சந்து எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சான்று பெற்ற விமானத்துக்கான என்ஜின் ஏற்றுமதியாகும்போது அதிகாரப்பூர்வ வெளியீட்டுச் சான்று கூடவே வரும். வீட்டில் கட்டும் விமானத்துக்கான என்ஜின் சான்றுக்கு வெளியே இருப்பதால் அந்தத் தாள் இல்லாமலும் விற்கலாம். "எக்ஸ்பெரிமென்டல் சார், பேப்பர் வராது" என்று தரகர் சொல்வது பாதி உண்மை. ஆலை தருகிற மற்றவை எங்கே என்று கேளுங்கள். டெஸ்ட் செல் ஓட்டத்தின் தாள், ஆலையின் இன்வாய்ஸ், புது லாக் புத்தகம், உங்கள் பெயருக்குப் பதிவான உத்தரவாதம். எங்களுக்கு வந்த இன்வாய்ஸ் தரகர் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் அடித்தது.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க அவர்கள் மறந்திருக்கிறார்கள். அதில் சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதித் தாளான பில் ஆஃப் என்ட்ரியின் நகலும் ஒரு சார்ட்டர்டு இன்ஜினியர் சான்றும் இருந்தன. பழைய இயந்திரத்தை இறக்குமதி செய்யும்போது அதன் வயது, மதிப்பு பற்றி இந்தச் சான்றைக் கேட்பார்கள். சுங்கத்துறையிடம் "பழைய என்ஜின்" என்று குறைந்த மதிப்பைக் காட்டியிருக்கிறார், எங்களிடம் "புதியது" என்று 38 லட்சம். வக்கீல் அந்த இரண்டு தாளையும் பார்த்துவிட்டு வேறு எதையும் கேட்கவில்லை.

வழக்கு நிலவரம் இதுதான். 2019 நுகர்வோர் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு "இது வணிக நோக்கம், நுகர்வோரே இல்லை" என்று வாதிடுகிறது. சொந்த உபயோகத்துக்குக் கட்டும் விமானம் என்பதற்கு கிட் ரசீது, கட்டுமானப் பதிவேடு, தேதி போட்ட புகைப்படங்கள் எல்லாம் தம்பி வைத்திருக்கிறான். அதனால் நீங்கள் ரிவெட் அடிக்கும் ஒவ்வொரு நாளும் படம் எடுத்து வையுங்கள். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவிலும் தனியாகப் புகார் போயிருக்கிறது, நாம் 420 என்று சொல்லிப் பழகியது.

மீதி 10 லட்சம் எங்களிடம்தான் இருக்கிறது. அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்ததால்தான் அவர் இன்னும் போனை எடுக்கிறார். போன வாரம் "என்ஜினைத் திருப்பி அனுப்புங்க, 15 லட்சம் தர்றேன்" என்றார். வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்ஜின் ஆதாரமாகப் பட்டறையில் சீல் வைத்து இருக்கிறது.

கிருஷ்ணகிரி நண்பருக்கு அவர் அனுப்பிய புகைப்படத்தை நான் பார்த்தேன். மர ஸ்டாண்டில் நீல என்ஜின், பின்னால் பச்சை நிற ஷட்டர். எங்களுக்கு வந்ததும் அச்சு அசலாக அதே படம். உங்களுக்கும் அந்தப் படம் வந்திருந்தால், என்ஜின் நம்பர் பொறித்த டேட்டா பிளேட்டை நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு அதைக் கடைசிவரை அனுப்பவில்லை. அனுப்பினால் அந்த நம்பரை வில்லியம்ஸ்போர்ட்டுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள், அவரைக் கேட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். எங்கள் என்ஜினின் நம்பரும் படங்களும் வேண்டும் என்பவர்கள் கீழே எழுதுங்கள், தனியாக அனுப்புகிறேன்.