எம்ஜிபி ரோட்ஸ்டர்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் இன்ஜினைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். என்னிடம் இருப்பது 1971-ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத எம்ஜி கார். இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் இருக்கிறேன், இதற்கு முன் பழைய கார் எதுவும் வைத்திருந்ததில்லை. வாங்கிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. வெயில், மழை, குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவிய ரோடு எல்லாவற்றிலும் வண்டியைப் பார்த்தாகிவிட்டது. அதனால் வாங்கிய முதல் மாதத்துச் சந்தோஷத்தில் எழுதுவது மாதிரி இல்லாமல் கொஞ்சம் நிதானமாகவே எழுத முடிகிறது.

ஏன் எம்ஜிபி? ஜாகுவார் இ-டைப் மேல் எல்லாருக்கும் ஆசை உண்டு, ஆனால் அது வேறு கணக்கு. டிரையம்ப் டிஆர்6 அருமையான ஆறு சிலிண்டர் வண்டி, விலையும் அதற்கேற்ற மாதிரி. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் முன்பக்கம் முழுவதும் அப்படியே கவிழ்ந்து திறக்கும், இன்ஜின் வேலை செய்ய அதைவிட வசதி வேறு இல்லை. எம்ஜி மிட்ஜெட்டில் என் உயரத்துக்குக் கால் மடக்க முடியவில்லை. எம்ஜிபியை 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே இருக்கும் அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். முதல் முறை வாங்குகிறவருக்கு இந்த எண்ணிக்கைதான் பெரிய பாதுகாப்பு. ஒரு போல்ட், ஒரு ரப்பர் புஷ், ஒரு மீட்டர் கண்ணாடி என்று எதைக் கேட்டாலும் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. முழு பாடி ஷெல்லையே 1988-இலிருந்து பழைய அச்சுகளை வைத்துப் புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள், விலை பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும் என்பது வேறு விஷயம்.

அந்த ஷெல் விலையிலேயே இந்தக் காரின் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் காலத்துத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் சேஸிஸ் தனி, பாடி தனி. எம்ஜிபியில் இரண்டும் ஒன்றுதான். மேலே கூரை இல்லாததால் காரின் நடுப்பகுதி வளையாமல் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் இரண்டு கதவுகளுக்கும் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டி மாதிரி ஓடுகிற சில் தகடுகள்தான். வெளித் தகடு, உள்ளே ஒரு நடுத் தகடு, அடியில் இன்னொன்று என்று அடுக்காக வெல்டு செய்திருப்பார்கள். முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு உள்ளே போய்த் தங்கி, ஈரம் காயாமல், உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியில் ஒரு சின்னப் பொக்குளம் தெரிகிறது என்றால் உள்ளே பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

இதைச் சரியாக மாற்ற முன் விங், பின் விங் (சக்கரங்களை மூடும் பக்கத் தகடுகள்) இரண்டின் கீழ்ப்பகுதியையும் திறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தகட்டின் இரு முனைகளும் கைக்கு எட்டாது. நாள் கணக்கில் வேலை, ஆயிரக்கணக்கில் செலவு. அதனால் விற்பதற்கென்றே தயார் செய்பவர்கள் அழுகிய தகட்டின் மேலேயே புதுத் தகடு ஒன்றை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து நிறுத்திவிடுவார்கள். பளபளவென்று இருக்கும், போட்டோவில் இன்னும் அழகாக இருக்கும்.

நான் பார்க்கப் போன வண்டிகளுக்கெல்லாம் பல வருடமாக எம்ஜிபி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கூட வந்தார். அவர் பானட்டைத் திறக்கவே மாட்டார். நேராகக் கதவருகே குந்தி உட்கார்ந்து, கதவுக்கும் விங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா என்று விரலை வைத்துப் பார்ப்பார். மேலே குறுகிக் கீழே அகன்றால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. அப்புறம் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துச் சில் நெடுக நகர்த்திக்கொண்டே போவார், பட்டி இருக்கும் இடத்தில் பிடிப்பு விட்டுவிடும். கடைசியாக, விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடச் சொல்வார். ஒரு வண்டியில் தரையில் நிற்கும்போது சுலபமாக மூடிய கதவு, தூக்கியதும் பின்பக்கம் உரசி நின்றுவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் ஜாக்கியை இறக்கி, நன்றி சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பார்த்ததிலேயே பெயின்ட் அழகாக இருந்தது அந்த வண்டிதான்.

சில் தவிர இன்னும் சில இடங்கள் உண்டு. சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்கான பெட்டிகள் இருக்கும், ஆசிட் சிந்திச் சிந்தி அரித்திருக்கும், காருக்கு அடியில் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். பின் கமான் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) பாடியில் மாட்டும் இடம், விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னால் விங்கின் மேல்பகுதி, டிக்கித் தரை. கதவின் மேல் விளிம்பில் முக்கோணக் கண்ணாடி முடிகிற இடத்தில் மயிரிழைப் பிளவு தெரியும், அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் வாங்கியது ஆங்காங்கே பெயின்ட் மங்கிய வண்டி. ஆனால் விற்றவரிடம் தடிமனான ஃபைல் ஒன்று இருந்தது. சில் மாற்றிய ரசீது, விங் இரண்டையும் கழற்றி வைத்து வேலை நடக்கும்போது எடுத்த போட்டோக்கள், பழைய எம்ஓடி (பிரிட்டனில் வருடா வருடம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) சான்றுகள். பழைய கார் வாங்குகிறவர் காருக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது இந்தக் காகிதங்களுக்குக் கொடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ எதுவும் இல்லாமல் "முழுசா ரெஸ்டோர் பண்ணினது" என்று மட்டும் சொன்னால் நான் அந்த விலையைக் கொடுக்க மாட்டேன்.

இன்ஜின் பற்றி ஒரு பத்தி போதும், அவ்வளவு எளிமை. 1,798 சிசி, நாலு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம். நம் ஊர் அம்பாசிடரில் பல வருடங்கள் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும், யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஆஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜின் இன்ஜினும் இதே குடும்பம்தான். அந்த வண்டிகளில் வேலை செய்து பழகிய மெக்கானிக்குக்கு இந்தக் காரின் பானட்டைத் திறந்தால் எதுவும் புதிதாக இருக்காது. வாங்கும்போது பார்க்க வேண்டியது, நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல் நிற்கிறதா, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா, அவ்வளவுதான். இன்ஜினே போனாலும் கட்டிவிடலாம், அதற்குச் செலவு தெரியும். துருவுக்கு முன்கூட்டியே கணக்குச் சொல்ல ஒருவராலும் முடியாது.

ஓட்டுவது எப்படி இருக்கிறது? சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்கும். அது நிற்கும்வரை பொறுத்து, சோக்கை இழுத்து, ஸ்டார்ட் செய்து, சூடாகச் சூடாகச் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். வேகம் என்று பார்த்தால் இன்றைய சாதாரணக் குடும்பக் கார் இதை முந்திவிடும். ஆனால் பர்க்‌ஷயர் டவுன்ஸ் குன்றுகள் பக்கம் வளைந்து ஏறி இறங்கும் சிறு ரோடுகளில் 40 மைல் வேகத்திலேயே ஓட்டுகிறோம் என்ற உணர்வு முழுதாகக் கிடைக்கிறது. ஸ்டியரிங்கில் ரோட்டின் ஒவ்வொரு சொரசொரப்பும் தெரியும், கியர் லீவர் மணிக்கட்டு அசைவிலேயே விழும், கால் தட்டியதும் இன்ஜின் பதில் சொல்லும். பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்னால் போகும் வண்டியோடு இரட்டிப்பு இடைவெளி விட்டே ஆக வேண்டும், இதில் சமரசம் வேண்டாம்.

ஓவர்டிரைவ் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு சின்ன சுவிட்ச்தான், கிளட்ச் மிதிக்காமலே மூன்றாவது, நாலாவது கியர்களுக்கு மேல் கூடுதலாக ஒரு படி கிடைக்கும். அது இல்லாமல் மோட்டார்வேயில் 70 மைல் போனால் இன்ஜின் 4,000 சுற்றை நெருங்கும், போட்டால் 3,200 அளவுக்கு இறங்கி நிற்கும். நீண்ட பயணத்தில் காதுக்கும் பெட்ரோலுக்கும் அந்த வித்தியாசம் பெரிது. பல வருடங்களுக்கு அது எக்ஸ்ட்ரா பணம் கட்டி வாங்க வேண்டிய வசதியாக இருந்ததால் எல்லா வண்டியிலும் இருக்காது. ஓட்டிப் பார்க்கும்போது போட்டு எடுத்துப் பாருங்கள், உடனே பிடிக்க வேண்டும்.

தொந்தரவுகள் இல்லாமல் இல்லை. ஒரு முறை பிஸியான ரவுண்டபவுட்டை ஒட்டி வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டக்டக் சத்தம் இல்லை. பம்புக்குள் இருக்கும் பாயின்ட் தேய்ந்து கரி பிடித்துவிட்டது. பம்பை ஸ்பேனர் பிடியால் இரண்டு தட்டு தட்டியதும் உயிர் வந்தது, வீடு வந்து சேர்ந்து பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் பம்பாக மாற்றிவிட்டேன். இன்னொரு முறை டிஸ்டிரிபியூட்டரின் ரோட்டார் ஆர்ம். புதிதாக வாங்கிப் போட்டது சில வாரத்திலேயே உள்ளே கரன்ட் கசிந்து வண்டியை நிறுத்திவிட்டது, டிக்கியில் கிடந்த பழையதைப் போட்டதும் ஓடியது. இன்று செய்து விற்கும் உதிரிபாகங்களின் தரம் ஒரே மாதிரி இல்லை, விலையை வைத்தும் சொல்ல முடியாது. ஆகவே கழற்றிய பழைய பாகம் நன்றாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள், துடைத்துப் பெயர் எழுதி வையுங்கள்.

எலக்ட்ரிகல் வேலை என்றால் பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலான கோளாறு ஒயர்களைச் சேர்க்கும் புல்லட் கனெக்டர்களில் பிடித்த பச்சைக் களிம்பிலும் எர்த் சரியில்லாததிலும்தான் இருக்கிறது. ஒரு குளிர்கால வார இறுதியில் எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்து மாட்டினேன், அதற்குப் பிறகு மங்கலாக எரிந்த விளக்குகள் பிரகாசமாயின. ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டால் இன்னும் நல்லது, கரன்ட் முழுவதும் பழைய சுவிட்ச் வழியே ஓடாது.

வழக்கமான பராமரிப்புக்குக் கொஞ்சம் மனசு வேண்டும். முன்சக்கரங்களில் கிங்பின் (ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் சுழலும் அச்சு) இருக்கிறது, கிரீஸ் அடிக்கப் பக்கத்துக்கு மூன்று நிப்பிள். 3,000 மைலுக்கு ஒரு தடவை சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கிவைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஸ்டியரிங் கனமாகி, கிங்பின் தேய்ந்து, நூற்றுக்கணக்கில் செலவு வைக்கும். கார்புரேட்டர் தலையில் உள்ள குழாயில் கொஞ்சம் ஆயில் விட வேண்டும், இன்ஜினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ50 ஆயிலைத்தான் கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் குடிக்கின்றன. ஸ்பேனர் செட் வாங்கும்போது அங்குல அளவில் வாங்குங்கள், மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

பெட்ரோல் விஷயம் முக்கியம். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரித்து விரிசல் விட வைக்கும், சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவு என்பது விளையாட்டல்ல. நான் எத்தனால் குறைவான இ5 சூப்பர் மட்டுமே போடுகிறேன், குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். வால்வ் சீட் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் பம்புகளிலிருந்து போய்விட்டதால் சிலிண்டர் ஹெட்டில் கடின வால்வ் சீட் போட்டிருக்கிறதா என்பதையும் ஃபைலில் தேடிப் பாருங்கள்.

40 வயது தாண்டிய கார் என்பதால் சாலை வரி இல்லை, புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான லண்டன் யூலெஸ் கட்டணமும் இல்லை. வரி பூஜ்யம் என்றாலும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத பழைய கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. நான் ஆனாலும் வருடா வருடம் கொண்டுபோகிறேன். பிரேக் பைப்பையும் அடித் தகட்டையும் என்னைவிட அனுபவமுள்ள இன்னொருவர் லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது அந்தச் சிறு கட்டணத்துக்குத் தகும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பை முன்பே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள், இல்லையென்றால் விபத்து நடந்தால் பழைய இரும்பு விலைக்குப் பேச்சு வரும்.

குளிர்காலத்தில் மூடிபோட்டு மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் நின்ற வண்டிதான் கெடுகிறது. பிரேக் சிலிண்டர் இறுகும், கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளும், டேங்கில் பெட்ரோல் கெட்டுப்போகும். ரோட்டில் உப்புப் போட்ட பிறகு நல்ல மழை ஒன்று பெய்து கழுவிவிட்டு, அடுத்துக் காய்ந்த நாள் வந்தால் எடுத்து இன்ஜின் முழுதாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வருகிறேன். ஷெட்டில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடுவதில்லை, சக்கரத்துக்குக் கட்டைதான். சில்லுக்குள் வருடம் ஒரு முறை மெழுகு ஸ்பிரே.

திறந்த கார் மேல் பிரியம் இல்லாதவர்கள், குழந்தைகள் உள்ளவர்கள், 1965-இல் வந்த எம்ஜிபி ஜிடியையும் பாருங்கள். அதே இயந்திரம், மேலே நிலையான கூரை, பின்னால் சின்னதாக ஒரு சீட், பெரும்பாலும் விலையும் ரோட்ஸ்டரைவிடக் குறைவு. 1974-இல் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கருப்பு ரப்பர் பம்பர் போட்டு வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், வளைவில் அந்த உயரம் தெரியும். ஆனால் பட்ஜெட் சின்னதாக இருந்து, சில் உறுதியாக உள்ள ரப்பர் பம்பர் வண்டியும் பட்டி பூசிய குரோம் பம்பர் வண்டியும் ஒரே விலைக்கு வந்தால் நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

என் வண்டிக்கு வரும் குளிர்காலத்தில் பின் கமான் பட்டைகளை மாற்ற வேண்டியிருக்கிறது, ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் இறங்கிவிட்டது. பட்டைகளும் புஷ்களும் வாங்கியாகிவிட்டது.